தோட்டப்புறம் தன் பிள்ளையாக எண்ணிய கோல் காவலர் ஆறுமுகம்

திடலில் பந்து விளையாடும் சிறுவர்கள், ஓடத் தெரியாதவனைப் பிடித்துக் கோல் கம்பத்தில் நிறுத்துவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். கோல் போடுபவனுக்குத்தான் பெயர். கோல் விட்டவனுக்கு ஏச்சு மட்டுமே மிஞ்சும். 1970ஆம் ஆண்டுகளில் சிலாங்கூரின் வடக்குப் பகுதித் தோட்டங்களில் அந்த இடத்துக்கு ஒரு மதிப்பைத் தேடித் தந்தவர் ஆர். ஆறுமுகம். மலேசியத் தேசியக் குழுவின் கோல் காவலராக இருந்த அவரை நாடே 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தது.

ரெங்கசாமி ஆறுமுகம் 1953 ஜனவரி 31ஆம் தேதி பிறந்தார். அவருக்கு நான்கு வயது நடந்தபோது, 1957இல் நாடு சுதந்திரம் பெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் காற்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். சுதந்திரத்தைக் கொண்டாட ஆசிய நாடுகளின் தேசியக் குழுக்களை அழைத்துப் போட்டி நடத்தலாம் என்று முடிவானது. அப்படிப் பிறந்ததுதான் மெர்டேக்கா கிண்ணப் போட்டி. முதல் ஆண்டில் ஹாங்காங் கிண்ணத்தை வென்றது. அடுத்த இரு ஆண்டுகளும் மலாயாவே வாகை சூடியது.

ஆசிய நாடுகள் ஒன்றோடு ஒன்று மோதிப் பார்க்க அன்று வாய்ப்புகள் குறைவு. ஆகவே தென்கொரியா, பர்மா, இந்தோனேசியா, ஜப்பான், தாய்லாந்து, இந்தியா எனப் பல நாடுகள் விரும்பி வந்தன. இந்தியா 1959இலும் 1964இலும் இரண்டாம் இடம் பிடித்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய தோட்ட மக்களுக்கு அந்த ஆட்டங்களில் எந்தப் பக்கம் கைதட்டுவது என்பதே ஒரு குழப்பமாக இருந்திருக்கும்.

அவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவர்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். மலேசியக் குழுவில் தங்கள் முகச்சாயலில் ஒருவர் நிற்கிறாரா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களில் ஒன்றுதான் ஆறுமுகம்.

கோலசிலாங்கூர் வட்டாரம் அன்று முழுக்க முழுக்கத் தோட்டங்களின் உலகம். ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜூந்தை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர், தென்னை, செம்பனை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917இல் இந்த வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. பெயரிலேயே தமிழ் இருக்கிறது. விடியும் முன்பே பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, எடை போட்டு வீடு திரும்பும் வாழ்க்கை. லயத்து வீடுகள், ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு திடல் என்று பல தோட்டங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. மாலையில் அந்தத் திடல்தான் இளைஞர்களின் சொத்து. தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி உண்டு. தோற்ற குழுவுக்கு அடுத்த வாரம் வரை கேலியும் உண்டு.

அங்கிருந்து கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கம் 60 கிலோமீட்டருக்கும் மேல். தினக்கூலியில் வாழ்ந்தவர்களுக்கு அது எளிதில் போய்வரும் தூரமல்ல. வானொலியும் மறுநாள் பத்திரிகையுமே அரங்கத்தை லயத்துக்குக் கொண்டு வந்தன. சிலாங்கூர் மாநிலக் குழுவின் கோல் கம்பத்தில் ஆறுமுகத்தின் பெயர் ஒலிக்கத் தொடங்கியபோது, அந்த மாநிலத்தின் தோட்ட மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே எண்ணினார்கள்.

சிலாங்கூருக்கு அது பொற்காலம். 1975, 1976, 1978, 1979, 1981, 1982, 1984, 1986 என மலேசியக் கிண்ணம் திரும்பத் திரும்ப அதன் கைக்கே வந்தது. 1975இல் இங்கிலாந்தின் அர்செனல் குழு கோலாலம்பூர் வந்தபோது, மொக்தார் டஹாரியின் இரண்டு கோல்களால் சிலாங்கூர் 2-0 என வென்றது. முன்னால் மொக்தார், நடுத் தற்காப்பில் சந்தோக் சிங், பின்னால் ஆறுமுகம் என்று மலாய், சீக்கிய, தமிழ்ப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லி வளர்ந்தது அந்தக் கால ரசிகர் கூட்டம். தேசியக் குழுவில் இவர்களோடு சோ சின் ஆனும் சேர்ந்துகொண்டார்.

ஆறுமுகம் 1973 வாக்கில் தேசியக் குழுவில் இடம்பெற்றார். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். 1960ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஆசியாவின் சிறந்த கோல் காவலர் என்று போற்றப்பட்ட சௌ சீ கியோங் இந்நாட்டுக்காரர். அப்படிப்பட்ட வரிசையில் வந்தவர் தன் பெயரை நிலைநாட்ட வேண்டியிருந்தது.

ஆறுமுகத்தின் மூலதனம் அவருடைய நீண்ட கைகள். மூலையை நோக்கி வரும் பந்தைப் பாய்ந்து தட்டிவிடுவார். உயரமாக வரும் பந்தை மற்றவர் தலைகளுக்கு மேலே கை நீட்டிப் பிடித்துவிடுவார். வலை பின்னிய சிலந்தி போலக் கோல் கம்பத்தின் எந்த மூலையையும் எட்டியதால்தான் 'ஸ்பைடர்மேன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மெர்டேக்கா கிண்ணம் ஒரு கோல் காவலருக்குக் கடுமையான சோதனை. இரண்டு மூன்று வாரங்களுக்குள் அடுத்தடுத்து ஆட்டங்கள். இன்று கொரியர்களின் வேகம், நாளை மறுநாள் பர்மியர்களின் நுணுக்கம். முன்னால் ஆடுபவர் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பில் சரிசெய்யலாம். கோல் காவலரின் தவறு அப்போதே கோல் எண்ணிக்கையில் ஏறிவிடும்.

1970ஆம் ஆண்டுகளில் அந்தக் கிண்ணத்துக்கான போட்டி பெரும்பாலும் மலேசியாவுக்கும் தென்கொரியாவுக்கும் இடையிலான இழுபறியாகவே இருந்தது. 1973இலும் 1974இலும் மலேசியா வென்றது. 1975இல் தென்கொரியா கொண்டுபோனது. 1976இல் ஜப்பானை இறுதி ஆட்டத்தில் 2-0 என வீழ்த்தி மலேசியா மீண்டும் கிண்ணத்தைத் தூக்கியது. இன்று உலகக் கிண்ணத்தில் ஆடும் ஜப்பானும் கொரியாவும் அன்று மலேசியாவைக் கண்டு அஞ்சி ஆடிய காலம் அது. 1974இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம், 1977லும் 1979லும் சீ விளையாட்டில் தங்கம் என அந்தத் தலைமுறை அடுக்கடுக்காக வென்றது. நாட்டுக்காக 100க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆறுமுகம் களமிறங்கினார்.

அவருடைய வாழ்வின் உச்சமும் ஏமாற்றமும் ஒரே ஆண்டில் வந்தன. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று கோலாலம்பூரில் நடந்தது. ஏப்ரல் மாதம், நிரம்பி வழிந்த மெர்டேக்கா அரங்கில் இறுதி ஆட்டம். எதிரே பழைய போட்டியாளரான தென்கொரியா. சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங் வெற்றி கோலை அடிக்க, மலேசியா 2-1 என வென்று ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. கொரியர்களின் தாக்குதலை எதிர்த்துக் கம்பத்தில் நின்றவர் ஆறுமுகம்.

ஆனால் மாஸ்கோ விமானத்தில் அந்தக் குழு ஏறவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றில் ஒன்று. மலேசியாவின் இடம் ஈராக்கிற்குப் போனது. களத்தில் எவராலும் பறிக்க முடியாத வாய்ப்பு களத்துக்கு வெளியே கைநழுவியது. அப்போது ஆறுமுகத்துக்கு வயது 27. இன்னொரு ஒலிம்பிக் வாய்ப்பு அவருக்கு வரவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் பிறகு இன்றுவரை மலேசியக் காற்பந்துக் குழு ஒலிம்பிக் திடலில் கால் வைத்ததில்லை.

ஆனாலும் அவர் ஒதுங்கிவிடவில்லை. 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரை ஆட்டத்தில் நிலைத்திருந்தார். பிறகு, 1988 டிசம்பர் 18ஆம் தேதி சாலை விபத்தில் அவர் உயிரிழந்தார். 36ஆவது பிறந்தநாளுக்கு ஆறு வாரங்களே இருந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, 1991இல், மொக்தார் டஹாரியும் நோயால் மறைந்தார். முன்னால் கோல் அடித்தவரும் பின்னால் கோல் தடுத்தவரும் நாற்பதைத் தொடாமலே போய்விட்டார்கள்.

அதே காலத்தில் தோட்டங்களும் மாறிக்கொண்டிருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு ஆட்கள் குறைவாகவே தேவைப்பட்டனர். பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டன. குடும்பங்கள் கிள்ளான், சுங்கை பூலோ, ஷா ஆலம் பக்கம் நகர்ந்தன. லயங்கள் இடிந்தபோது திடல்களும் சேர்ந்தே மறைந்தன. பத்தாங் பெர்ஜூந்தைகூட 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. கட்டணமின்றி, சீருடையின்றி, மாலையானால் பந்தோடு இறங்க ஒரு திடல் இருந்த பிள்ளைகளுக்கு, நகரத்து அடுக்குமாடி வீட்டில் அது கிடைக்கவில்லை. தேசியக் குழுவில் இந்தியப் பெயர்கள் ஏன் குறைந்தன என்று கேட்பவர்கள் இந்தத் திடல்களின் கதையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

2016இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படம் 1980ஆம் ஆண்டின் வெற்றியை அடிப்படையாகக் கொண்டது. அதில் வரும் முத்து என்ற தமிழ்க் கோல் காவலரைக் கண்டபோது, ஆறுமுகத்தைப் பார்த்திராத தலைமுறையும் அவர் யார் என்று தேடத் தொடங்கியது. நெடுநாள் தடைபட்டிருந்த மெர்டேக்கா போட்டியும் 2023இல் மீண்டும் நடந்தது. அந்த ஆண்டு தஜிகிஸ்தான் வென்றது. 2024இல் கிண்ணம் மலேசியாவிடம் திரும்பியது.

கிண்ணம் திரும்பி வந்துவிட்டது. கோலசிலாங்கூர் தமிழ்ப்பள்ளிகளின் திடல்களில் மாலை நேரத்தில் இன்னும் சில பிள்ளைகள் பந்தோடு இறங்குகிறார்கள். அவர்களில் கம்பத்துக்கு நடுவே நிற்கும் பிள்ளைக்கு ஒரு நல்ல கையுறையும், ஆறுமுகம் என்பவர் யார் என்ற கதையும் கிடைத்தால், அதுவே அவருக்குச் செய்யும் பொருத்தமான மரியாதை.