கல்லறை இல்லாதவர்களை ஆங்கிலத்தில் எழுதிய சி.வி.

வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. மலையகத்தில் சி.வி. என்றாலே போதும். லயக் காம்பராவில் வளர்ந்தவரல்ல, கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை. கொழும்பு நாலந்தாவில் படித்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மேல்வகுப்பு எட்டாத காலத்தில் அவருக்கு ஆங்கிலம் கைவந்தது. அதை வைத்து அவர் கவிதை எழுதினார்.

1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸிலிருந்து பாராளுமன்றம் சென்ற ஏழு பேரில் அவரும் ஒருவர். தொகுதி தலவாக்கலை. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தல் வந்தபோது, அவரைத் தெரிவுசெய்த தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை.

அந்த 1950களில்தான் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நெடுங்கவிதை நூலாக வந்தது. பெரட்டுக்கு எழுப்பும் தப்பொலியோடு அது தொடங்குகிறது. திருவிழாவில் ஆட வைக்கும் அதே தப்பு இங்கே நித்திரையைக் கலைத்து வேலைக்கு விரட்டுகிறது. விடியலே திடுக்கிட்டு எழுவதுபோல் ஒரு காட்சி. பிறகு பார்வை மண்ணுக்குக் கீழே இறங்குகிறது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் அந்தத் தேயிலைக்கு அடியிலேயே கிடக்கிறார்கள். கல் இல்லை, பூ இல்லை, பெயர் இல்லை. மேலே பச்சை, கீழே பிணம். சுற்றுலாப் படங்களில் நுவரெலியாவைப் பார்த்தே பழகியவரை இந்த ஒரு படிமம் உலுக்கிவிடும்.

வன்னியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து ஓடிவந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறியவர்கள் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போனார்கள். பாட்டனைத் தேயிலைக்கடியிலும் பிள்ளையை மணலுக்கடியிலும் அடையாளமில்லாமல் விட்டுவந்தவர்கள் அவர்களில் உண்டு.

ஏன் ஆங்கிலம்? துரைமாருக்கும் கொழும்புக்கும் கேட்க வேண்டும் என்றுதான் என்பது என் எண்ணம். அதற்கு ஒரு விலை இருந்தது. கவிதையில் வரும் மனிதர்களால் அதை வாசிக்க முடியவில்லை. சக்தீ அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கிய பிறகுதான் அது மலையகத்துக்குத் திரும்பி வந்தது. நானும் தமிழில்தான் முதலில் வாசித்தேன்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. கவிதையில் எல்லோரும் ஒரே கூட்டமாக நிற்கிறார்கள், ஒரு முகம்கூடத் தனியாகத் தெரிவதில்லை. 1970இல் வந்த 'போர்ன் டு லேபர்' என்ற உரைநடை நூலில்தான் ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள்.

இதற்கிடையில் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்து எழுதியது. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் அந்தப் பெயரில்லாத குழிகளையும் விட்டுத்தான் போனார்கள்.

தொழிற்சங்க வேலையோடு சி.வி. பின்னாளில் 'வீடற்றவன்', 'இனிப்பட மாட்டேன்' என்று தமிழில் நாவல்கள் எழுதினார். மலையிலும் லயத்திலும் சனங்கள் பாடியவற்றைச் சேர்த்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று வெளியிட்டார். அந்நூல் வந்தது 1983இல், மலையகத்து லயங்களும் எரிந்த ஆண்டில். அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.