ஆனந்தரங்கப் பிள்ளை

ஆனந்தரங்கப் பிள்ளை (மார்ச் 30, 1709 - சனவரி 1761) புதுச்சேரியில் பிரெஞ்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் தலைமைத் துபாசியாகப் பணியாற்றியவர் ஆவார். செங்கல்பட்டின் ஜாகீர்தாராகவும் விளங்கினார். இவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, 18ஆம் நூற்றாண்டின் தென்னிந்திய வரலாற்றுக்குரிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும். துபாசி என்பவர் ஐரோப்பியருக்கும் உள்நாட்டு வணிகர், அரசர் ஆகியோருக்கும் இடையே மொழிபெயர்ப்பும் வணிகத் தரகும் செய்தவர்.

குடும்பம்

ஆனந்தரங்கர் சென்னையை அடுத்த பெரம்பூரில், வணிகரான திருவேங்கடம் பிள்ளையின் மகனாகப் பிறந்தார். புதுச்சேரியில் தலைமைத் துபாசியாக இருந்த உறவினர் நைனியப்ப பிள்ளையின் அழைப்பை ஏற்றுத் தந்தை அங்குக் குடியேறினார்.

1716இல் ஆளுநர் எபேர் நைனியப்பரைச் சிறையிலிட்டு, அவரது சொத்துகளைப் பறிமுதல் செய்தார். நைனியப்பர் 1717இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு சென்று முறையிட்டார். அதன் பயனாகத் தந்தையின் மீதான பழி நீங்கியது. அங்குக் கிறித்தவரான குருவப்பர், புனித மைக்கேல் பெயரில் வழங்கப்பட்ட செவாலியே என்னும் பிரபுப் பட்டத்துடன் திரும்பினார். 1722இல் தலைமைத் துபாசியாகி, 1724இல் மறைந்தார்.

ஆனந்தரங்கர் செங்கல்பட்டு சேஷாத்திரி பிள்ளையின் மகள் மங்கத்தாயை மணந்தார்.

துபாசி பணி

1726இல் தந்தை காலமான பின், ஆளுநர் லெனுவார் ஆனந்தரங்கரை ஆதரித்தார். பரங்கிப்பேட்டையில் இருந்த பிரெஞ்சு வணிகப் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனந்தப் புரவி என்னும் கப்பலும் இவருக்குச் சொந்தமாக இருந்தது.

1746இல் தலைமைத் துபாசி கனகராய முதலியார் இறந்தார். அப்பதவி கிறித்தவர் ஒருவருக்கே தரப்பட வேண்டும் என இயேசு சபைக் குருமார்கள் வற்புறுத்தினர். ஆளுநர் தூப்ளேயின் மனைவியும் ஆனந்தரங்கரை எதிர்த்தார். எனினும் 1747இல் இவரே நியமிக்கப்பட்டார். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, பிரெஞ்சுக்காரர் அங்கிருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடித்தனர். தலைமைத் துபாசியாக இருந்தும் ஆனந்தரங்கரால் அதனைத் தடுக்க இயலவில்லை.

செங்கல்பட்டு ஜாகீர்

1749இல் முசாபர் சங், 3000 குதிரைகளுக்குரிய மன்சப்தார் பட்டத்தை இவருக்கு வழங்கினார். செங்கல்பட்டுக் கோட்டையின் தலைமையும் பின்னர் ஜாகீர் உரிமையும் இவருக்குக் கிடைத்தன. பல்லக்கு, மேளதாளம் முதலிய மரியாதைகளையும் பெற்றார். ஆனால் முசாபர் சங் 1751இல் கொல்லப்பட்டார். 1752இல் இராபர்ட் கிளைவ் கோவளம் கோட்டையையும் அடுத்துச் செங்கல்பட்டுக் கோட்டையையும் கைப்பற்றினார். 1754இல் தூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். ஆனந்தரங்கரின் செல்வாக்கும் குன்றியது. 1756இல் இவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1761 சனவரியில் காலமானார். அதே மாதத்தில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது.

நாட்குறிப்பு

1736 செப்டெம்பரில் தொடங்கிய குறிப்புகள், சில இடைவெளிகளுடன் இறுதி நாட்கள் வரை தொடர்ந்தன. கப்பல்களின் வருகை, சரக்கு விலை, போர், வழக்கு, ஆளுநர் மாளிகைப் பேச்சு ஆகியவற்றை அன்றாடப் பேச்சுத் தமிழில் பதிவு செய்துள்ளார். பதவியில் இருந்த காலத்தைப் போலவே அதனை இழந்த பின்னும் எழுதினார். இவருக்குப் பின் குடும்பத்தினர் சிலரும் நாட்குறிப்பு எழுதினர்.

1846இல் கலுவா மொம்பிரேன் இக்குறிப்புகளைக் கண்டறிந்து வெளிக்கொணர்ந்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வெளிவந்தது. பிரபஞ்சன் எழுதிய வானம் வசப்படும் என்னும் புதினம் இவர் காலத்தைக் களமாகக் கொண்டது. அது 1995ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. இவரது மாளிகை புதுச்சேரியில் உள்ளது.