அந்திரேசு பெல்லோ

அந்திரேசு பெல்லோ (நவம்பர் 29, 1781 - அக்டோபர் 15, 1865) வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் மறைந்த இலக்கண அறிஞர், கவிஞர், சட்ட அறிஞர் ஆவார். எசுப்பானிய வினைச்சொற்களை இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தில் அடைக்காமல், எசுப்பானிய வழக்கைக் கொண்டே விளக்கியமைக்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

பெல்லோ கரகாசு நகரில் பிறந்தார். சிமோன் பொலிவாருக்குச் சிறிது காலம் பாடம் கற்பித்தார். 1810 ஆம் ஆண்டில் பொலிவாருடன் தூதுக்குழுவில் இலண்டன் சென்றார். 1812 இல் முதல் வெனிசுவேலக் குடியரசு வீழ்ந்தபின் வருவாயின்றித் தவித்தார். ஏறத்தாழ 19 ஆண்டுகள் இலண்டனில், பெரும்பாலும் வறுமையில் வாழ்ந்தார். 1821 இல் முதல் மனைவியை இழந்தார். 1829 இல் சிலி அரசின் பணியை ஏற்றுச் சந்தியாகோவில் குடியேறினார். பிறந்த நாட்டிற்கு அவர் திரும்பவேயில்லை.

1842 இல் நிறுவப்பட்ட சிலி பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக இறுதிவரை பணியாற்றினார். 1855 இல் ஏற்கப்பட்ட சிலியின் உரிமையியல் சட்டத் தொகுப்பை வரைந்தவரும் இவரே.

இலக்கணப் பணி

எசுப்பானியப் பேரரசிலிருந்து விடுபட்ட நாடுகளில் மொழி வெவ்வேறாகத் திரியக்கூடும் என்றும், இலத்தீன் பல மொழிகளாகப் பிரிந்ததுபோல் எசுப்பானியமும் பிரிந்துவிடக்கூடும் என்றும் பெல்லோ அஞ்சினார். வினைத்திரிபின் காலங்களைப் பற்றிய ஆய்வை 1841 இலும், அமெரிக்க நாட்டவரின் பயன்பாட்டுக்கான எசுப்பானிய இலக்கணத்தை 1847 இலும் வெளியிட்டார்.

எசுப்பானிய வினைகள் ஆர், ஏர், ஈர் என்னும் ஈறுகளால் மூன்று வகைப்படும். ஒழுங்கான வினைகளில் இவ்வீற்றை நீக்கி, இடத்தையும் எண்ணையும் காட்டும் விகுதியைச் சேர்த்தால் நிகழ்காலம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஆப்லார் (பேசுதல்) என்னும் வினை பின்வருமாறு திரியும்:

ஆப்லோ - பேசுகிறேன்
ஆப்லாசு - பேசுகிறாய்
ஆப்லா - பேசுகிறான், பேசுகிறாள்
ஆப்லாமோசு - பேசுகிறோம்
ஆப்லாயிசு - பேசுகிறீர்கள்
ஆப்லான் - பேசுகிறார்கள்

தன்மை ஒருமை மூவகையிலும் ஓகாரத்தில் முடியும். கோமேர் (உண்ணுதல்), விவிர் (வாழ்தல்) ஆகியவற்றின் விகுதிகள் தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் மட்டுமே வேறுபடும்: கோமேமோசு, விவிமோசு, கோமேயிசு, விவீசு. விகுதியே இடத்தை உணர்த்துவதால் எழுவாயைப் பெரும்பாலும் கூறவேண்டியதில்லை.

நிகழ்காலம் என்பது செயலும் அதைச் சொல்லும் கணமும் உடனிருத்தல் என்று பெல்லோ வரையறுத்தார். இரண்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடியவேண்டியதில்லை. செயலின் ஏதேனும் ஒரு கணத்தில் பேச்சு நிகழ்ந்தால் போதும். என்றும் மாறாத உண்மைகளை நிகழ்காலத்தில் கூறுவது இதனாலேயே பொருந்துகிறது.

தாக்கம்

சிலி மக்கள் முன்னிலை ஒருமையில் வோசு என்னும் வடிவத்தைப் பேசுவதை 1830களில் பெல்லோ கண்டித்தார். எனினும் அவ்வழக்கின் வினைவடிவங்கள் சிலியின் பேச்சுமொழியில் இன்றும் உள்ளன. மேலே காட்டிய முன்னிலைப் பன்மை வடிவமோ இலத்தீன் அமெரிக்கப் பேச்சில் வழங்குவதில்லை. அங்கு படர்க்கைப் பன்மை வடிவமே அதற்கும் பயன்படுகிறது. இவ்வேறுபாடுகள் இருந்தும் அவர் அஞ்சிய பிரிவு நிகழவில்லை. எசுப்பானிய அரச கழகம் 1851 இல் அவரை மதிப்புறு உறுப்பினராக ஏற்றது.