சனிக்கு மட்டும் ஏன் 29 ஆண்டுகள்? சூரியக் குடும்பத்தின் கணக்கைக் கண்டுபிடித்த கெப்ளரின் கதை

பூமி சூரியனை ஒருமுறை சுற்றிவர 365 நாட்கள் ஆகும் என்பது நமக்குத் தெரியும். புதனுக்கு வெறும் 88 நாட்கள் போதும். செவ்வாய்க்கு 687 நாட்கள். வியாழனுக்கு கிட்டத்தட்ட 12 ஆண்டுகள், சனிக்கு 29 ஆண்டுகளுக்கும் மேல். ஏன் இவ்வளவு வித்தியாசம்? தூரம் அதிகம், அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனா, தூரத்துக்கும் காலத்துக்கும் இடையே ஒரு துல்லியமான கணக்கு இருக்கு. அதைக் கண்டுபிடித்தவர் ஜோகன்னஸ் கெப்ளர்.

யார் இந்த கெப்ளர்?

1571 டிசம்பர் 27-ம் தேதி ஜெர்மனியின் வைல் டெர் ஷ்டாட் நகரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே பெரியம்மை தாக்கியதில் கண்பார்வை பாதிக்கப்பட்டது. 1577-ல் வானில் தோன்றிய வால் நட்சத்திரத்தை அவருக்குக் காட்டியவர் தாய் கேத்தரினா.

பார்வை கைவிட்டாலும் கணிதம் கைகொடுத்தது. 1600-ல் பிராக் நகரில், வெறும் கண்ணாலேயே கோள்களைத் துல்லியமாக அளந்துவந்த டைக்கோ பிராகேயிடம் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே டைக்கோ இறந்துவிட, அரசவைக் கணிதர் பதவி கெப்ளருக்கு வந்தது. டைக்கோவின் குறிப்புகளும் அவர் கைக்கு வந்தன.

வட்டம் இல்லை, நீள்வட்டம்

கோள்களின் பாதை வட்டம்தான் என்பது பல நூற்றாண்டு நம்பிக்கை. ஆனா, செவ்வாயின் கணக்கு மட்டும் இடித்தது. ஒரு டிகிரியை 60 பங்காக்கினால் அதில் 8 பங்கு வித்தியாசம். சின்னப் பிழைதானே என்று கெப்ளர் விட்டுவிடவில்லை. டைக்கோவின் அளவுகளை நம்பி, தன் பழைய கணக்கைத் தூக்கிப் போட்டார். செவ்வாய் நீள்வட்டத்தில் சுற்றுகிறது என்பதை 1609-ல் நூலாகவே வெளியிட்டார்.

துயரத்தின் நடுவே கிடைத்த விதி

1611-ல் மகனையும் மனைவியையும் இழந்தார். 1618 பிப்ரவரியில் ஒரு மகளும் இறந்தாள். அதே ஆண்டு மே 15-ம் தேதி அந்தக் கணக்கு உறுதியானது.

கணக்கு இதுதான்: பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 1 என்று வைத்துக்கொள்வோம். வியாழனின் தூரம் 5.2. இந்த 5.2-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கினால் சுமார் 140.6 வரும். அதன் வர்க்கமூலம் 11.86. வியாழன் சூரியனைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் ஆண்டுகளும் அதேதான்! எந்தக் கோளுக்கும் இது பொருந்தும்.

தாய்க்காக ஒரு போராட்டம்

இதற்கிடையே தாய் கேத்தரினா மீது சூனியக்காரி என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1620-ல் கைதான அவர், வயதான காலத்தில் 14 மாதங்கள் சிறையில் கிடந்தார். கெப்ளர் லின்ஸ் நகரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து தாய்க்காக வாதாடினார். 1621-ல் கேத்தரினா விடுதலையானார். அடுத்த ஆண்டு இறந்துபோனார்.

பார்க்காமலே போன காட்சி

1631 நவம்பர் 7-ம் தேதி சூரியனுக்குக் குறுக்கே புதன் கடந்து செல்லும் என்று கெப்ளர் முன்கூட்டியே கணித்திருந்தார். அதேபோல நடந்தது. பாரிஸிலிருந்து பியர் கசெண்டி அதைப் பார்த்துப் பதிவு செய்தார். ஆனா, கெப்ளர் அப்போது உயிரோடு இல்லை. தனக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டு ரீகன்ஸ்பர்க் சென்றவர், காய்ச்சலில் விழுந்து 1630 நவம்பர் 15-ம் தேதி இறந்துவிட்டார். போரில் அவருடைய கல்லறையும் அழிந்துபோனது.

அந்தக் கணக்கு மட்டும் அழியவில்லை. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களின் தூரத்தைக் கண்டறிய விஞ்ஞானிகள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.