கொடையில் எழுந்த இசைக் கல்லூரி

கானாடுகாத்தானில் 1881-ஆம் ஆண்டு பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், முதலைப் பேணிப் பெருக்கும் நகரத்தார் வணிக மரபில் வளர்ந்தவர். அந்த மரபு ஈட்டிய செல்வத்தை அவர் கல்விக்குத் திருப்பினார்.

1920-இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் கல்வி நிலையங்கள் தொடர்ந்து எழுந்தன. இவற்றோடு 20 லட்சம் ரூபாயையும் அவர் வழங்க, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் பயிலும் வகையில் அது அமைந்தது.

இக்கொடையின் பயனை இசைக் கல்லூரியே நன்கு உணர்த்துகிறது. வேலைவாய்ப்புச் சந்தை மட்டுமே பாடங்களைத் தீர்மானித்திருந்தால் இசைக்கு அங்கே இடம் கிடைத்திராது. அறிவியல் மாணவரும் இசை மாணவரும் ஒரே வளாகத்தில் வாழும் வாய்ப்பைக் கொடையே தந்தது. தமிழில் பாடுவதற்கு மேடை கோரிய இயக்கத்திற்கும் அவர் துணைநின்றார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது.

1948-இல் அவர் மறைந்தார். நிதி நெருக்கடிக்குள்ளான பல்கலைக்கழகத்தை 2013-இல் தமிழக அரசு ஏற்றது. முன்னோர் இட்ட முதலைப் பின்வருவோரும் பெருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

இன்று ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் விடுதியுடன் கூடிய தனியார் கல்லூரிகள் பல உள்ளன. கட்டணத்தை மட்டுமே நம்பும் கல்லூரியில், வருவாய் தராத கலையே முதலில் கைவிடப்படும். அங்கே படித்து உயர்ந்தோர் ஓர் இசை ஆசிரியரின் ஊதியத்திற்கேனும் நிலைநிதி அமைக்கலாம். செட்டியாருக்கு அதைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.