வீடே கோவிலாயிருந்த காலம்

தை மாதம் 16ஆம் நாள் புனித யோசேவ் வாஸ் முனிவரின் திருநாள். இலங்கைத் திருச்சபையின் அப்போஸ்தலர் என்று அவரைப் போற்றுகிறோம். 2015ஆம் ஆண்டு தை 14ஆம் நாள், கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்த காட்சி நம்மில் பலருக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் செய்த புதுமைகளைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் இந்நாட்டில் காலடி வைத்தபோது இங்கே எதைக் கண்டார் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

குருக்கள் இல்லை. கோவில் இல்லை. பூசை இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்படியே கழிந்திருந்தன. ஆயினும் விசுவாசம் அழியவில்லை. அது வீடுகளில் குடியிருந்தது. இவ்வாரம் நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டியது இதுவே.

அரசின் நிழலும் அரசின் கோபமும்

போர்த்துக்கேயர் காலத்தில் நம் மறை அரசின் நிழலில் வளர்ந்தது. அந்த நிழலில் நடந்தவை எல்லாம் நற்செய்திக்கு ஏற்றவை அல்ல என்பதை நாம் மறைத்தல் ஆகாது. திருகோணமலையில் கோணேசர் கோவில் இடிக்கப்பட்டது. போர்த்துக்கேயர் வசமிருந்த கரையோரங்களிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். துரத்தப்பட்டவர்களை ஏற்று, அவர்களுள் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியவன் கண்டியரசன் செனரத். கல்முனைக் கரையில் நம்மோடு வாழும் முஸ்லிம் சகோதரர் பலருடைய குடும்பக் கதைக்குள் இந்த வரலாறும் உண்டு.

பின்பு காலம் திரும்பியது. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் பிடித்தனர். கத்தோலிக்க குருக்கள் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். குரு ஒருவருக்கு ஒளிப்பிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று 1658இலேயே கட்டளை பிறந்தது. நம் கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்கு உரியவையாயின.

ஆனால் மக்களை நாள்தோறும் அரித்தது வாளைவிட ஆதாயமே. திருமணமும் பிள்ளைகளின் ஞானஸ்நானமும் பாடசாலைத் தோம்பில் பதியப்பட வேண்டும். பதிவு இல்லையேல் காணி பூமியின் உரிமைக்கு இடர். உத்தியோகமும் முதலியார் பட்டமும் வேண்டுமானால் அரசின் சபையைச் சேர வேண்டும். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஒரு கையொப்பம் போதும், வாழ்க்கை சுகமாகும். பலர் அந்தச் சுகத்தைத் தெரிந்துகொண்டனர். சிலர் பகலில் ஒரு சபையும் இரவில் ஒரு செபமுமாக இரண்டகமாய் வாழ்ந்தனர். இன்னும் சிலர் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். மாந்தையிலிருந்து அப்படிப் போன குடும்பங்களிலிருந்துதான் இன்றைய மடுத் திருத்தலத்தின் கதை தொடங்குகிறது.

கோவாவில் ஒரு குரு

இந்த நிலை கோவாவில் இருந்த ஓர் இளங்குருவின் காதுக்கு எட்டியது. யோசேவ் வாஸ் 1651ஆம் ஆண்டு சித்திரை 21ஆம் நாள், கோவாவின் பெனாலிம் என்ற ஊரில், தாயின் வீட்டில் பிறந்தவர். தந்தையின் ஊர் சங்குவாலே. கொங்கணி பேசும் பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பம். சிறு வயதிலேயே செபத்தில் நாட்டம் மிகுந்தவர். 1676இல் குருப்பட்டம் பெற்றார். குருவான பின்பு வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார். ஏழைகள் எப்படி நடக்கிறார்களோ அப்படியே நடந்தார். 1677இல் தேவமாதாவுக்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு பத்திரம் எழுதி வைத்தார். சில ஆண்டுகள் கன்னடக் கரையில் பணியாற்றித் திரும்பி, 1685இல் புனித பிலிப்பு நேரியாரின் வழியில் நடக்கும் குருக்கள் கூட்டத்தில் சேர்ந்து அதன் தலைவரானார்.

ஐரோப்பியக் குரு ஒருவர் இலங்கைக்குள் நுழைந்தால் முகமும் நிறமும் உடனே காட்டிக் கொடுத்துவிடும். இந்தியர் ஒருவர் கூலிக்காரனைப் போல நுழைய இயலும். இதைக் கண்டுகொண்ட யோசேவ் வாஸ் தலைமைப் பதவியைத் துறந்தார். 1686இல் யுவான் என்னும் பணியாளனைத் துணைகொண்டு கோவாவிலிருந்து புறப்பட்டுத் தூத்துக்குடி சேர்ந்து, 1687இல் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அவருக்கு வயது 36.

கழுத்தில் ஒரு செபமாலை

வந்தவுடன் கொடிய வயிற்றுளைச்சல் அவரை வீழ்த்தியது. தொற்று நோயென்று அஞ்சி ஊரார் ஒதுக்கினர். ஏழைப் பெண்கள் சிலர் கஞ்சி கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. அவர் குரு என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. ஒரு பிச்சைக்காரனுக்கு இரங்கினார்கள். நாட்டின் அப்போஸ்தலரைக் காப்பாற்றிவிட்டார்கள்.

தேறியபின் அவர் செய்த முதற் காரியம் கத்தோலிக்கரைத் தேடியது. எப்படித் தேடுவது? வாய்திறந்து கேட்டால் ஒற்றனிடம் அகப்படலாம். ஆகவே கழுத்தில் செபமாலையைத் தெரியும்படி அணிந்து, வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. முப்பது ஆண்டுகள் குருவைக் காணாத வீடுகளில் தாய்மார் பிள்ளைகளுக்குச் செபங்களைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கிழவர் பலர் பாவசங்கீர்த்தனத்துக்காக ஏங்கியிருந்தார்கள்.

சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. இரவில் பூசை, விடியுமுன் அடுத்த ஊர். பூசைச் சாமான்கள் ஒரு கூலியாளின் மூட்டைக்குள் பயணம் செய்தன. ஒல்லாந்தர் சும்மா இருக்கவில்லை. ஒரு நத்தார் இரவில் பூசைக்குக் கூடியிருந்தோரைச் சுற்றி வளைத்துப் பிடித்தனர். குரு அகப்படவில்லை. பிடிபட்டவர்களுள் சிலர் அடியாலும் சிறைத் துன்பத்தாலும் மாண்டனர். விலை கொடுத்தவர்கள் இல்லறத்தார்தான் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகுட்டி உள்ளவர்கள், வயலும் வளவும் உள்ளவர்கள்.

பௌத்த அரசனின் நிழலில்

புத்தளத்தில் சில காலம் பணியாற்றிய பின், 1692இல் கண்டி இராச்சியத்துக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்ற பழி அவர் மேல் விழுந்தது, சிறையில் அடைத்தனர். சிறையிருப்பை அவர் சிங்களம் கற்கும் பள்ளியாக்கினார். காவல் தளர்ந்ததும் அங்கேயே சிறு குடிசை ஒன்றைக் கோவிலாக்கினார்.

அப்போது கண்டியை ஆண்டவன் இரண்டாம் விமலதர்மசூரியன். அவன் தன் மறையில் ஆழ்ந்த பற்றுடைய பௌத்தன்; பிக்குகளின் குருத்துவ மரபைப் புதுப்பிக்க அரக்கான் தேசத்திலிருந்து பிக்குகளை அழைப்பித்தவன். அப்படிப்பட்டவன் யோசேவ் வாஸ் முனிவருக்குத் தன் நாட்டில் மறை போதிக்க உத்தரவு கொடுத்தான். கடும் வறட்சியின்போது முனிவர் செபித்து மழை பெய்த புதுமையை நாம் அறிவோம். அதனினும் அரசன் மனத்தைத் தொட்டது 1697இல் வந்த பெரியம்மை. அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டுப் போயினர். நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு உறவினர் ஓடினர். கோவாவிலிருந்து வந்துசேர்ந்த யோசேவ் கர்வாலியோ சுவாமியும் இவருமாக, எம்மதத்தவன் என்று கேளாமல், நோயாளிகளைக் கழுவினர், ஊட்டினர், இறந்தோரை அடக்கினர்.

இங்கே ஓர் உண்மை விளங்குகிறது. முன்னாளில் போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு இடம் கொடுத்த அதே கண்டி இராச்சியம், பின்னாளில் ஒல்லாந்தரால் துரத்தப்பட்ட கத்தோலிக்கருக்கும் இடம் கொடுத்தது. நம்மைப் பாதுகாத்தது நம் வலிமை அல்ல, அயலாரின் நன்மனம். அந்த நன்மனத்தை முனிவர் பெற்றது தம் மறையை ஒளித்தும் அல்ல, நீர்த்துப் போகவிட்டும் அல்ல. முழுக் கிறிஸ்தவனாக வாழ்ந்தே பெற்றார்.

கண்டியிலிருந்து அவர் கால்நடையாக நாடெங்கும் போனார். திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கங்களும் அவர் கால்பட்ட நிலங்கள். ஒரு குரு எல்லா ஊருக்கும் போதமாட்டார் என்று அறிந்து, ஊர்தோறும் அண்ணாவிமாரையும் மூப்பர்களையும் ஏற்படுத்தினார். குரு வராத ஞாயிறுகளில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு மறை கற்பிப்பதும், சாகிறவனின் அருகில் இருப்பதும் அவர்கள் கடன். 1705இல் வந்த சாங்கோபாங்க சுவாமி தமிழிலும் சிங்களத்திலும் மறைநூல்களை எழுதித் தந்தார். அந்நூல்கள் வாசிக்கப்பட்டது வீட்டு விளக்கின் கீழேதான்.

24 ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்து, தாயகம் திரும்பாமலே, 1711 தை 16இல் கண்டியில் முனிவர் உயிர் துறந்தார். அவர் கல்லறை இருந்த இடம்கூட இன்று தெரியாது. அவர் நட்ட விசுவாசமோ இதோ நம் கையில் இருக்கிறது.

இன்று அவர் நம் வாசலில் நின்றால்

இன்று நமக்கு ஒல்லாந்தச் சட்டம் இல்லை. மணி அடிக்கிறோம், சுற்றுப்பிரகாரம் வைக்கிறோம், புரட்டாதியில் சொறிக்கல்முனைத் திருச்சிலுவைக்குப் போகிறோம். தடுப்பார் இல்லை. ஆனால் தோம்பு வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. ஞாயிறு காலையில் ரியூஷன். சோதனை முடியட்டும், பூசைக்குப் பிறகு போகலாம் என்கிறோம். மாலையில் ஆளுக்கொரு கைத்தொலைபேசி, செபமாலைக்கு நேரமில்லை. செபம் செய்கிற பிள்ளையைப் பழமைவாதி என்று கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். பிள்ளை சிலுவையைச் சட்டைக்குள் மறைக்கிறது. இங்கும் கத்தி இல்லை. ஒரு சிறு சம்மதம் போதும், வாழ்க்கை சுகமாகும்.

கல்முனையில் வாழும் நாம் இதில் சாக்குச் சொல்ல முடியாதவர்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் நம் அயலவர் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகிறார். அந்த ஒரு மணி நேர வியாபாரம் போயிற்றே என்று அவர் வருந்துவதில்லை. பாங்கு கேட்டதும் வேலையை நிறுத்துகிறவரை நாம் மதிக்கிறோம். அப்படியிருக்க, நாம் ஞாயிறைக் காத்தால் அவர் நம்மை இகழ்வாரா? தன் மறையைக் காப்பவன் பிறர் மறையைக் காப்பவனை அறிந்துகொள்வான். விமலதர்மசூரியன் முனிவரை அறிந்துகொண்டது அப்படித்தான்.

பெற்றோரே, குரு இல்லாத முப்பது ஆண்டுகளில் விசுவாசத்தைக் காத்தவர்கள் உங்களைப் போன்றவர்கள். இன்று குருவும் கோவிலும் இருக்க, வீடு வெறுமையாயிருந்தால் குருவினால் ஆவது சிறிதே. ஆகவே இந்தத் திருநாளில் ஒரு தீர்மானம் செய்வோம். இரவு உணவுக்கு முன் தொலைபேசிகளை ஒருபுறம் வைத்து, குடும்பமாகச் செபமாலை சொல்வோம். ஞாயிற்றுப் பூசையையும் பிள்ளைகளின் மறைக்கல்வியையும் வேறெதற்கும் விட்டுக்கொடாதிருப்போம். அயலில் நோயாளி இருந்தால், எந்த மறையினர் என்று கேளாமல் கஞ்சியோடு போவோம்.

கழுத்தில் செபமாலையோடு அந்த வெறுங்கால் பிச்சைக்காரர் இன்று மாலை நம் தெருவழியே வந்தால், எந்த வீட்டில் முகம் மாறும்? அது நம் வீடாக இருக்கட்டும். புனித யோசேவ் வாஸ் முனிவரே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.