சிவப்புச் சாயம் காட்டிய அணு

இழுப்பு வந்து அவதிப்படும் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோனால், ரத்தம் எடுத்து ஒரு வகை அணுவை எண்ணிப் பார்ப்பது உண்டு. அந்த அணுவைச் சாயம் ஏற்றி, இனம் காட்டிப் பெயர் சூட்டியவர், பால் எர்லிக்.

எர்லிக் ஜெர்மன் நாட்டவர். யூதக் குடும்பத்தில் 1854-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் ஸ்ட்ரேலன். அது இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.

சாயப் பித்து

துணிகளுக்காக ஜெர்மனியில் புதுப்புதுச் சாயங்கள் தயாரித்துக்கொண்டிருந்த காலம் அது. டாக்டருக்குப் படித்த எர்லிக்கோ, உடலின் மெல்லிய துண்டுகளில் அந்தச் சாயங்களை ஏற்றிப் பார்த்தார். விரலெல்லாம் சாயம். மேஜையெல்லாம் சாயம். இந்தப் பையன் பரீட்சையில் தேறுவானா என்று கேலி பேசியவர்களும் உண்டாம். தேறினார். 1878-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

சிவந்த மணிகள்

பெர்லினில் சாரிட்டே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லியதாகத் தடவுவார். சூடான செப்புத் தகட்டில் உலர்த்துவார். பிறகு சாயம் ஏற்றுவார்.

1879-ல் ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை ஏற்றினார். சில வெள்ளை அணுக்களுக்குள் மட்டும் மணி மணியாகச் சிவப்பு தெரிந்தது! ஈயோசினை விரும்பும் அணு என்று பொருள்படும்படி, அதற்கு ஈசினோபில் என்று பெயர் வைத்தார். தமிழ்நாட்டு வீடுகளில் ‘ஈஸ்னோபீலியா’ என்று சொல்வது இந்தப் பெயரிலிருந்து வந்ததே.

தன் நோயைத் தானே கண்டார்

1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அதை எளிதில் பார்க்க எர்லிக் நல்ல சாய முறை ஒன்றை வகுத்தார். சில ஆண்டுகளில் அவருக்கே இருமல் வந்தது. தம் சளியைச் சோதித்தார். அதில் காசநோய்க் கிருமி இருந்தது!

1888-ல் மனைவியுடன் எகிப்துக்குப் போனார். உடல் தேறித் திரும்பினார். 1908-ல் நோபல் பரிசு பெற்றார். 1909-ல் ஜப்பானியரான ஹாட்டாவுடன் சேர்ந்து, மேகப்புண்ணுக்கு 606 என்ற மருந்தைக் கண்டார். 1915 ஆகஸ்டு 20-ந் தேதி காலமானார்.

ரத்தமும் மூச்சும்

100 வெள்ளை அணுக்களில் ஈசினோபில் சாதாரணமாக 1 முதல் 5 வரை இருக்கும். ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவில் இது பெருகி மூச்சுக்குழாய்க்குள் கூடும். அதன் மணிகளிலிருந்து கசியும் பொருள்கள் குழாயைப் புண்ணாக்கும். குழாய் வீங்கிச் சுருங்கும்.

வயிற்றில் பூச்சி இருந்தாலும் இந்த அணு பெருகும். ஆகவே ரத்தம் மட்டும் போதாது. மூச்சை அளக்கும் கருவியை இங்கிலாந்து டாக்டர் ஜான் ஹட்சின்சன் 1846-லேயே விவரித்திருந்தார். அந்த வழியில் வந்த கருவியில் 5, 6 வயதுக் குழந்தைகளும் ஊதலாம். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்று பார்ப்பார்கள். அடைப்பு எவ்வளவு என்பதை மூச்சு சொல்லும். அது எந்த வகை ஆஸ்துமா என்பதற்கு ரத்தம் குறிப்புத் தரும்.

ஈசினோபில் கூடிய குழந்தைக்கு, உள்ளே இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். அதற்கும் அடங்காத கடும் ஆஸ்துமாவுக்கு, இந்த அணுவையே குறைக்கும் ஊசி 6 வயது முதல் உண்டு. சாயக் கறை படிந்த விரல்கள் அன்று காட்டிய அணு, குழந்தைக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்க இன்று டாக்டருக்கு உதவுகிறது.